நீரிணையை ஒரு சுற்று: ராமேஸ்வரம் முதல் தலைமன்னார் வரை

அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்குப் போகும் தூரம்கூட இல்லை. ஆனால் முறைப்படி அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் நாகப்பட்டினம் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் கடற்கரைச் சாலை, பிறகு காங்கேசன்துறைக்குச் சுமார் 110 கிலோமீட்டர் கடல், அங்கிருந்து யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார் வழியாக இன்னுமொரு 170 கிலோமீட்டர் தரை. பாக்கு நீரிணையை ஒரு குளம்போல வைத்துக்கொண்டு அதன் கரையைச் சுற்றி வருகிற பயணம் இது. கல்லூரி நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வெளிநாடு போகலாம் என்று பேச்செடுத்தால் பாங்காக்கும் பாலியும்தான் முதலில் வரும். ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சுற்றைத்தான். எதிர்வீட்டைப் பார்க்காமல் ஊர் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு காலத்தில் இதற்கு இத்தனை சுற்று தேவைப்படவில்லை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கிவிடலாம். ரயில் தனுஷ்கோடித் துறை வரை போகும், அங்கே கப்பல் நிற்கும், தலைமன்னாரில் இறங்கினால் அந்தப் பக்கத்து ரயில் காத்திருக்கும். ‘போட் மெயில்’ என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. அதன்பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலையும் 1980-களில் போர் நிறுத்திவிட்டது. கப்பலில் போய்வந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், கிளம்புமுன் ஒரு மாலைப்பொழுது அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வழிகாட்டி நூலும் அதற்கு ஈடில்லை, இதுவும் சேர்த்துத்தான்.

ஆள் சேர்ப்பது

வாட்ஸ்அப் குழுவில் ‘நான் ரெடிடா’ என்று இருபது பேர் போடுவார்கள். அதை நம்பி எதையும் பதிவு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பது பேர் அனுப்புவார்கள். முன்பணம் கேளுங்கள், ஏழு பேர் மிஞ்சுவார்கள். அந்த ஏழு பேர்தான் பயணம். எட்டைத் தாண்ட வேண்டாம் என்பது என் அனுபவம். அக்கரையில் கிடைக்கும் வான் ஒன்றில் எட்டுப் பேரும் பெட்டிகளும் சாரதியும் அடங்கலாம். ஒன்பதாவது ஆள் வந்தால் இரண்டாவது வண்டி வேண்டும். இரண்டு வண்டியாகிவிட்டால் அரட்டை இரண்டாகப் பிரியும், பிறகு எந்தக் கடையில் நிறுத்துவது என்பதற்கே அரைமணி நேரம் போகும்.

பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதாது, அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். தமிழர்களாகிய நமக்கு இன்ஷியல் ஒரு தீராத தலைவலி. ஒருவன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் இருக்கும், இன்னொருவனுக்கு அந்தக் கட்டமே காலி, மூன்றாமவனுக்கு இரண்டும் ஒரே வரியில் ஒட்டியிருக்கும். எங்கள் குழுவில் ஒருவன் ஆதாரில் உள்ளபடி ‘கே.’ என்ற ஓர் எழுத்தோடு டிக்கெட் போட்டுவிட்டான். பாஸ்போர்ட்டிலோ ‘கருப்பையா’ முழுசாக இருந்தது. சோதனை மேசையில் ஆளுக்கு ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் முக்கால் மணி நேரம் வியர்த்தோம். எல்லாருடைய டிக்கெட்டையும் ஒரே ஆள், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுவதே நல்லது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கைக்கு ‘இ.டி.ஏ.’ என்னும் இணைய முன்அனுமதி உண்டு. கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் அந்நாட்டு அரசின் தளத்திலேயே பார்த்து விண்ணப்பியுங்கள். தேடினால் மேலே வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கேட்கும்.

பணத்துக்கு ஒரே வழி பொதுப்பை. கிளம்பும்போது ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, அடித்துக்கொள்ளாமல் கணக்கெழுதக்கூடிய ஒருவனிடம் கொடுத்துவிடுங்கள். கல்லூரி விடுதியில் மெஸ் செயலராக இருந்தவன் யாராவது இருந்தால் அவன்தான் ஆள். வண்டி, தங்கல், சாப்பாடு பையிலிருந்து. பீர், சிகரெட், தங்கச்சிக்குச் சேலை எல்லாம் அவனவன் பாடு. இந்த இரண்டு வரியை முதல் நாளே சொல்லிவிட்டால் நட்பு தப்பும். ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கைப் பணம் மூன்றரைக்குச் சற்று முன்பின் வரும். 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. அங்கே செல்லும் என்பது உண்மைதான், ஆனால் லங்கா க்யூஆர் அட்டை வைத்திருக்கும் கடைகளில் மட்டும். பூநகரிச் சாலையில் இளநீர் விற்கும் அம்மாவிடம் ரொக்கம்தான்.

இந்தப் பக்கம்

முதல் நாளை ராமேஸ்வரத்திலேயே வையுங்கள். வெளியூர் நண்பர்கள் வரும் ரயில் இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வரும், நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். காரில் வருகிறவர்கள் 1988-ல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். நெரிசலும் காற்றும் உள்ள இடம், இறங்குகிறவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கவும்.

அரிச்சல்முனைக்கு மதியம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். 2017-ல் தார்ச்சாலை வந்தபின் பேருந்தே போகிறது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போவோம். பொழுது சாயும் முன் காவல்துறை எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும். வலது கையில் மன்னார் வளைகுடா, மீனவர் சொல்லும் ஆண் கடல். இடது கையில் பாக்கு நீரிணை, பெண் கடல். பெண் கடல் குளம் மாதிரி இருக்கிறதே என்று இறங்கிவிட வேண்டாம். முனையில் இரண்டு நீரோட்டமும் முட்டும் இடத்தில் மணல் காலடியில் கரையும். கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இலங்கைக் கோபுரம் உங்கள் எண்ணைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பும், பின்னாலேயே கட்டணமும் வரும். ட்ரோன் கொண்டுவருகிற நண்பனிடம் அதை வீட்டிலேயே விடச் சொல்லுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிற கரை இது. அக்கரையிலும் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

மணல் திட்டு வரை படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது காதருகே வந்து சொன்னால் நடையைக் கட்டுங்கள். கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறவர்களே பிடிபட்டுச் சிறையில் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து ஒரே ஓர் அயல்மண்ணில்தான் கால் வைக்கலாம். அது கச்சத்தீவு. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு நாள், ராமேஸ்வரம் மீனவர் படகுகளில், முன்கூட்டிப் பெயர் பதிந்து, மாவட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டில் போகலாம். 1974 ஒப்பந்தம் அதற்கு இடம் வைத்தது. ஆனால் அது வழிபாட்டுக்கான பயணம். இரவு வெறும் தரையில் படுக்கை, குடிதண்ணீர் சுமந்து போக வேண்டும். ‘ஜாலியா ஒரு ட்ரிப்’ என்ற நினைப்போடு போகிற இடமல்ல.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. டெம்போ டிராவலர் ஒன்றை நாகப்பட்டினம் வரை பேசிக்கொள்ளுங்கள், திரும்புகிற வெற்று ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். விடியும் முன் கிளம்பினால் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். தொண்டிக்கு முன் காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. நேரம் இருந்தால் இறங்குங்கள், எனக்குப் பிச்சாவரத்தைவிட இது பிடிக்கும், கூட்டம் குறைவு. எஸ்.பி. பட்டினத்தைத் தாண்டினால் மாவட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு மீமிசல், மணமேல்குடி, சேதுபாவாசத்திரம். மல்லிப்பட்டினம் அருகே மனோராவில் ஒரு காப்பி இடைவேளை வைக்கலாம்: நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடித் தஞ்சை சரபோஜி கட்டிய கோபுரம், கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறது. வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி உப்பெடுத்த இடத்துக்குத் திரும்பினால் ஒரு மணி நேரம் கூடும். மாலைக்குள் நாகை. சீக்கிரம் தூங்குங்கள். இந்த இடத்தில்தான் எல்லாக் குழுவும் தப்பு செய்கிறது; பழைய கதை பேசி இரண்டு மணிக்குப் படுத்து, கப்பலில் வாந்தி எடுக்கும்.

கப்பல்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகுச் சேவை 2023 அக்டோபர் 14-ல் ‘செரியபாணி’ என்ற கப்பலோடு தொடங்கிச் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சேதுபதிகளின் சீமையிலிருந்து பிரிந்த சிவகங்கையின் பெயரைத் தாங்கிய கப்பலில் ராமநாதபுரத்துக்காரன் ஏறுவது ஒரு சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான். காலையில் கிளம்பினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆட்கள் மட்டும் போகலாம், காரோ பைக்கோ ஏறாது. ‘சொந்த வண்டியில் இலங்கை’ என்று கனவு காண்கிறவர்கள் இப்போதைக்கு அதை மடித்து வைக்கவும்.

இந்தச் சேவைக்கு வாடைதான் எதிரி. ஐப்பசி முதல் மார்கழி வரை கடல் பொங்கும், கப்பல் நிற்கும். மாசி, பங்குனி உத்தமம். ஆடி, ஆவணியில் போனால் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலின் 25 நாள் திருவிழா கிடைக்கும், ஆனால் தங்க இடம் கிடைக்காது. எந்த மாதமானாலும் டிக்கெட் போட்ட பிறகும் கிளம்புவதற்கு முந்தைய நாள் கப்பல் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். அது நின்றுபோனால் இரண்டாவது வழி கைவசம் இருக்கட்டும்: சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு, மதுரையிலிருந்து கொழும்புக்கு உண்டு. திரும்பி வரும் நாளுக்கு மறுநாளே ‘ஆபீஸ் போகணும்’ என்பவனைக் குழுவில் சேர்க்காதீர்கள். அவன் புலம்பலை நான்கு மணி நேரம் கடலில் கேட்க முடியாது.

காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், வெறும் வயிறுதான் அதிகம் புரட்டும். குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு அரைமணி முன்பு போட வேண்டும், தலை சுற்றிய பிறகு அல்ல.

அக்கரையில்

காங்கேசன்துறையில் இறங்கியதும் காதில் விழுவது தமிழ், ஆனால் நம் தமிழ் அல்ல. வேன் அங்கே வான், டிரைவர் சாரதி, ஆட்டோ முச்சக்கர வண்டி, பேசுவது கதைப்பது. ‘கச்சான்’ என்றால் நம் மீனவருக்கு மேல்காற்று. அங்கே பேருந்து நிலையத்தில் கூவி விற்பது வேர்க்கடலை. நம்மூர் சினிமாவைக் குழந்தை முதல் பார்த்தவர்கள், நாம் பேசுவது அவர்களுக்கு முழுக்க விளங்கும். அவர்கள் வேகமாகக் கதைத்தால் நமக்குத்தான் விளங்காது. கிண்டலாக அவர்கள் பேச்சை நடித்துக் காட்டும் நண்பனை வானின் பின்னிருக்கையில் போடவும்.

வண்டியைச் சாரதியோடு எடுங்கள். நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடுதான். ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கும் அங்கே தனியாக ஓர் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அலைச்சலை விட ஓர் உள்ளூர் அண்ணனின் துணை பெரிது. பேசும்போதே நான்கைத் தெளிவாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் எவ்வளவு, எரிபொருள் யாருடையது, சாரதியின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு. சார்ஜர் முனைக்கு ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே பல இடங்களில் சதுர மூன்று முனை. கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு இரவு கொடுங்கள். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1981-ல் எரிக்கப்பட்ட பொது நூலகம் மறுபடி வெள்ளையாக எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போன இடம். அதன் வாசலில் குதித்துக் குதித்து ரீல்ஸ் எடுக்காதீர்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகு; ஒரே தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் இருக்கின்றன. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அந்நாட்டில் குற்றமாகவே பார்க்கப்படும். இராணுவ முகாம் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் கொத்து ரொட்டி, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒடியல் கூழ். கூழில் மீனும் நண்டும் இறாலும் பனங்கிழங்கு மாவும் சேர்ந்து கொதித்திருக்கும். சைவ நண்பர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைக்கிறவர்கள் சொல்வார்கள், அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மீன் பேச்சு ஒன்று கட்டாயம் வரும். அதற்கு ஆயத்தமாகப் போங்கள். “எந்த ஊர் தம்பி?” என்பார்கள். மதுரை என்றால் மீனாட்சி அம்மன், சென்னை என்றால் சினிமா. ராமேஸ்வரம் என்று சொன்னால் ஒரு கணம் அமைதி விழும். “உங்கட றோலர் வந்தால் எங்கட வலை எல்லாம் போயிடும்” என்று பிறகு வரும். எங்களுக்குப் பருத்தித்துறையில் ஒரு தேநீர்க் கடையில் இது நடந்தது. எங்களில் ஒருவனுடைய சித்தப்பா விசைப்படகு வைத்திருப்பவர். அவன் உடனே பிடிபட்ட படகு, சிறை என்று எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தான். கடைக்காரர் அமைதியாகத் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் சொன்னதும் பொய்யில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை. போர்க்காலத்தில் அந்தக் கரை மீனவர்கள் கடலில் இறங்கவே முடியாமல் கிடந்தார்கள். இறங்கத் தொடங்கியபோது நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவர்கள் சிறுவலைகளை அறுத்துக்கொண்டு போனது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் கரையிலும் நாட்டுப்படகுக்காரர்கள் அதே மடியைப் பற்றி அதே புகாரைத்தான் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கு அந்தத் தேநீர்க் கடையில் இரண்டாவது தேநீர் கிடைக்கும். “எங்க சின்னப் படகுக்காரங்களும் இதைத்தான் அண்ணே சொல்றாங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். எங்களுக்கு மறுநாள் இன்னொரு கடையில் அது வேலை செய்தது. விவாதத்தில் ஜெயிக்கப் போன பயணமில்லை இது.

மன்னாருக்கு ஏ-32 சாலை. 2011-ல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் கடல்நீரேரியைக் கடந்தால் பூநகரி, பிறகு ஆளரவமற்ற நீண்ட ஓட்டம். யாழ்ப்பாணத்திலேயே தண்ணீரும் பணிசும் (நம்மூர் பன்) வாங்கிக்கொள்ளுங்கள், எரிபொருளையும் நிரப்பச் சொல்லுங்கள். மன்னார்த் தீவுக்குள் போகும் முன் திருக்கேதீஸ்வரம். ராமேஸ்வரத்தைப் போலவே தேவாரம் பாடப்பட்ட தலம், பாலாவித் தீர்த்தத்தின் கரையில். மன்னார் நகரில் போர்த்துக்கேயர் காலக் கோட்டை, பள்ளிமுனையில் யானைக்கால் தடிமனில் கிளை விட்ட பெருக்க மரம், தெருவெல்லாம் கழுதைகள். கழுதைகளுக்கு வழிவிட்டுத்தான் வான் போகும்; சாரதி ஒலி எழுப்புவதுகூட இல்லை.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். போரில் அழிந்த ரயில்பாதையை இந்திய நிறுவனம் ஒன்று மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை ரயில் வந்தது. கலங்கரை விளக்கமும் பாழடைந்த பழைய துறைமேடையும் பக்கத்திலேயே. போட் மெயில் கப்பல் வந்து நின்ற இடம் அதுதான். பிற்பகலில் போனால் சூரியன் மேற்கே, உங்கள் ஊர் இருக்கும் திசையில் இறங்கும். படம் எடுக்க நினைப்பவர்கள் நான்கு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஊர் கண்ணுக்குத் தெரியாது. இரவு தங்க மன்னார் நகருக்குத் திரும்பிவிடுங்கள், அறைகள் அங்கேதான்.

திரும்பும்போது

பனங்கட்டி, புழுக்கொடியல், கறித்தூள் எல்லாம் தாராளமாக வாங்கலாம். கடல் அட்டை மட்டும் வேண்டாம். அங்கே பண்ணை வைத்து உரிமத்தோடு வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள், நம் நாட்டிலோ 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காய்ந்த அட்டை ஒன்று பெட்டியில் இருந்தாலும் வழக்குதான். பவளத்துண்டும் அப்படியே. துறையில் வைத்து யாராவது “இதை நாகையில் என் மச்சான் வாங்கிக்கொள்வார் தம்பி” என்று பொட்டலம் நீட்டினால், எவ்வளவு பாவமான முகமாக இருந்தாலும் கையை நீட்டாதீர்கள். தங்கமும் போதைப்பொருளும் பிடிபடுகிற கடல் இது. சொந்த நகை அதிகம் போட்டுப் போகிறவர்கள் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிந்துகொள்வது நல்லது.

பொதுப்பைக் கணக்கைக் கப்பலிலேயே முடித்துவிடுங்கள். கரையேறி ஆளுக்கொரு பேருந்தில் கலைந்தபின் அந்த நானூறு ரூபாய் யாருக்கு என்பது அடுத்த திருமணம் வரை ஓடும்.

கப்பல் நாகையில் சேர்ந்து, சோதனை முடித்து வெளியே வர இருட்டிவிடும். உடனே ராமநாதபுரத்துக்கு வண்டியை விடலாம் என்று ஒருவன் சொல்வான். வேண்டாம். முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம் சாலை நடுவில் மாடுகள் படுத்திருக்கும், விளக்கில்லாத உப்பு லாரி ஓரத்தில் நிற்கும். நாகையில் அறை போட்டு, மீன் குழம்புச் சாப்பாடு ஒன்று சாப்பிட்டுவிட்டு, காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள்.